நெற்களஞ்சியத்துக்குள் பஞ்சம் வந்ததா?
வாசகர் கேள்வி – பதில்

பஞ்சங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான ஒரு சிறு குறிப்பைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளாதலால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அவசர அவசரமாகச் சாப்பிட்டால், “தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி தின்கிறானே” என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காவிரி பாயும் தஞ்சாவூர் ஜில்லாவில் அப்படியொரு பஞ்சம் உண்மையில் வந்ததா, அல்லது வேறெங்கோ நடந்ததை நம்மவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்களா?
– வாசகர், மன்னார்குடி

தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்த ஆண்டின் பருவமழை பொய்த்தது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் தென்மேற்குப் பருவம் கைவிட்டது. பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, மைசூர் சமஸ்தானம் என்று தென்னிந்தியாவின் மேட்டு நிலங்கள் முழுவதும் காய்ந்தன. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. சமஸ்தானங்களையும் சேர்த்து எண்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுவோரும் உண்டு.

தஞ்சாவூரில் என்ன நடந்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே நல்ல சாட்சி. 1871இல் எடுத்த கணக்கில் தஞ்சாவூர் ஜில்லாவிலும் சேலம் ஜில்லாவிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையினர், அதாவது தலா 19.7 லட்சம் பேர் இருந்தனர். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது தஞ்சாவூர் 21.3 லட்சமாக உயர்ந்திருந்தது; சேலமோ 16 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. கல்லணையும், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எழுப்பிய மேலணையும் கிடைத்த தண்ணீரைத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பிவிட்டதால், சேலத்துக் குடியானவனுக்கு நேர்ந்த கதி இங்குள்ளவனுக்கு நேரவில்லை.

ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இங்கே பஞ்சமே இல்லை என்று சொல்லிவிடுவது சரியாகாது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. பஞ்சப் பகுதிகளில் விலை ஏற ஏற டெல்டாவின் நெல் அங்கே போயிற்று. அதனால் இங்கேயும் விலை ஏறியது. நெல்லை விற்கும் மிராசுதாருக்கு அது பொற்காலம். களத்திலேயே நெல்லாகக் கூலி வாங்கிய ஆள் அரை வயிறாவது கழுவினான். காசு கொடுத்து அரிசி வாங்க வேண்டியிருந்த நெசவாளிக்கும் குயவருக்கும் மற்றக் கைத்தொழிலாளருக்கும்தான் அது பஞ்சம். ஊரார் துணியும் சட்டி பானையும் வாங்குவதை நிறுத்திக்கொண்ட அதே மாதங்களில் அரிசி விலை மட்டும் ஏறியதால் அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஆக, இந்த ஜில்லாவுக்குள் பஞ்சம் விளைச்சலின் வழியாக வராமல் விலையின் வழியாக வந்தது. பிழைப்புத் தேடி மேட்டு நிலங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும், அவர்களோடு பரவிய காலராவும் வேறு. நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பலேறியோர் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் பெருகியது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றவர்களும் அவ்வாறே பெருகினர். மலேயாவிலும் இலங்கையிலும் இன்றுள்ள பல குடும்பங்களின் பூர்வ கதை அந்த இரண்டு ஆண்டுகளில்தான் தொடங்குகிறது.

அரசாங்கம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் 1876 கடைசியில் 30,000 டன் தானியத்தை அரசு செலவில் வாங்கினார். வைசிராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. வியாபாரத்தில் தலையிடுவது தவறு என்பது அவர்களுடைய சித்தாந்தம். செலவைக் குறைக்க 1877 ஜனவரியில் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த அளவில் உடலுழைப்புச் செய்பவன் உயிர் தரிக்க மாட்டான் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் எழுத்து மூலம் வாதாடினார்; சில மாதங்களில் படி உயர்த்தப்பட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த நிவாரணக் கூலிகள் வெட்டியதுதான்.

சோழர் காலத்தில் பஞ்சம் என்பதே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். உண்மையா?
– வாசகர், பாபநாசம்

மேடைக்கு ஏற்ற பேச்சு. கல்வெட்டுகள் அதற்கு இடம் தரவில்லை. ஆலங்குடியில் 1054ஆம் ஆண்டில் உண்ணவும் விதைக்கவும் நெல் வாங்க வழியில்லாத ஊரார், கோயில் பண்டாரத்திலிருந்து ஆயிரம் கழஞ்சுக்கு மேற்பட்ட பொன் நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கடனாகப் பெற்று, வட்டிக்கு ஈடாக நிலம் எழுதிக் கொடுத்தனர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்தில் காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடுமையில் ஒரு வேளாளர், தம் இரு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். பசியால் சாவதா, அடிமையாக வாழ்வதா என்ற நிலையில் ஒரு தகப்பன் எடுத்த முடிவு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டு நிற்கிறது. அதை வெட்டியவர்கள் வெட்கப்படத்தக்க செய்தியாகவே கருதவில்லை, முறையாகப் பதிவு செய்ய வேண்டிய ஒரு கிரயமாகவே கருதினார்கள் என்பதுதான் படிக்கும்போது உறுத்துகிறது.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான் என்னும் தலவரலாற்றைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அது புராணம்தான், என்றாலும் காவிரிக் கரையில் பஞ்சம் என்பது கதை கேட்பவர்களுக்கு அந்நியமான செய்தியாக இருக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

தங்கள் ஊருக்கு அருகிலேயே, திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கல்லில் உருண்டையாக எழும்பி நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஆண்டுதோறும் தவறாமல் விளையும் என்ற உறுதி இருந்திருந்தால் அவ்வளவு பெரிய களஞ்சியத்தைக் கட்டியிருக்கத் தேவையில்லை.

காவிரி டெல்டா கண்ட மிக மோசமான பஞ்சம் எது?
– வாசகி, வல்லம்

1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சாவூர்ச் சீமைக்குள் புகுந்ததை ஒட்டி வந்ததே என்பது என் கருத்து. மழை தவறவில்லை. வாய்க்கால்கள் உடைக்கப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, உழவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓரிரு போகங்களுக்குள் விளைச்சல் அடியோடு சரிந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினியால் மனிதர்கள் தெருவில் விழுந்து செத்தபோது, சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் கம்பெனியையும் நம்பவில்லை, ராஜாவின் அதிகாரிகளையும் நம்பவில்லை. கிறித்தவ மிஷனரி ஷ்வார்ட்ஸ் தம் பொறுப்பில் விலை தருவதாகச் சொன்ன பிறகே மாடுகளையும் நெல்லையும் கொண்டுவந்தார்கள்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நீண்ட நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு கொடுத்த பிறகு சிலர் இறந்துவிடுகிறார்கள் என்று படித்தேன். பட்டினியின்போது உடலில் என்னதான் நடக்கிறது?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. மூளையும் கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன்களைக் கொண்டு ஒப்பேற்றப் பழகிக்கொள்கிறது. கொழுப்பு தீரத் தீரத் தசை கரைகிறது. இதயமும் தசைதான் என்பதால் அதுவும் சுருங்குகிறது. நாடித்துடிப்பு தளர்கிறது, உடல் சில்லிட்டுக் கிடக்கிறது, குடலின் உட்சுவர் மெலிந்து உண்டதும் செரிக்காமல் போகிறது, நோயெதிர்க்கும் ஆற்றல் அற்றுப்போகிறது. பஞ்சத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது இந்தக் கடைசிக் காரணமே. வெறும் பட்டினியால் செத்தவர்களைவிடக் காலரா, சீதபேதி, மலேரியா, அம்மை ஆகியவற்றால் செத்தவர்களே பெரும்பாலான பஞ்சங்களில் அதிகம். தாது வருஷப் பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகும் சாவு நிற்காததற்குக் காரணம் அதுதான். மழையோடு காய்ச்சலும் வந்தது. அதைத் தாங்க உடலில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பால்குடி மறந்த குழந்தைகள் சவலை பாய்ந்து, கை கால் சூம்பி, சில சமயம் அதற்கு நேர்மாறாக முகமும் பாதமும் வீங்கிக் காணப்படுவார்கள். வீக்கத்தைக் கண்டு சதை பிடிக்கிறது என்று நம்பி ஏமாறுவது இன்றும் நடக்கிறது.

இவற்றில் பலவற்றை அளந்து அறிந்தது அமெரிக்காவின் மினசோட்டாவில். போருக்குச் செல்ல மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடந்தவர்களைப் பின்னால் தேற்றுவது எப்படி என்று கண்டறிய 1944–45இல் தாமாக முன்வந்து பட்டினி கிடந்தனர். ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் அவர்களுக்கு ஆறு மாதங்களாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் கொடுத்தார். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. உடலைவிட மனத்துக்கு நேர்ந்ததே அதிகம் பேசப்படுகிறது. நல்ல கல்வியும் நிதானமும் கொண்டிருந்த அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து இரவெல்லாம் படித்தார்கள், நண்பரோடு எரிந்து விழுந்தார்கள், பெண்களைப் பற்றிய நினைவே அற்றுப்போனார்கள். பஞ்ச காலத்தில் பெற்றவள் பிள்ளையின் பங்கைத் தின்றாள் என்று கேள்விப்பட்டு முகம் சுளிப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும். அந்த இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு 1,570 கலோரியாவது கிடைத்தது. டெம்பிளின் கூலிக்காரனுக்கு அதுவும் நிச்சயமில்லை.

இனி தாங்கள் கேட்ட செய்தி. பட்டினியில் உடலின் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் சேமிப்பு தேய்ந்துவிடுகிறது. அந்த நிலையில் திடீரென்று மாவுச்சத்து நிறையச் சேர்ந்தால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச உப்பையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் தடுமாறி நின்றுபோகலாம். 1945 ஏப்ரலில் பெர்கன்–பெல்சன் முகாமை விடுவித்த பிரிட்டிஷ் படையினர் இரக்கப்பட்டுத் தம் ராணுவ உணவையே பங்கிட்டார்கள். கொழுப்பு மிகுந்த அந்த உணவே பலருக்கு எமனாயிற்று. இன்றைய மருத்துவ நெறி, மிகுந்த அபாயமுள்ளவருக்கு முதல் நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பத்துக் கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, தயாமின் என்னும் பி1 வைட்டமினை முன்கூட்டியே கொடுத்து, உப்புகளை நாள்தோறும் சோதித்துக்கொண்டு, படிப்படியாக உணவை ஏற்ற வேண்டும் என்கிறது. நெடுநாள் விரதம் முடித்தவருக்கு நம் வீடுகளில் நொய்க்கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி உப்பிட்டுக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடாமல் மெலிந்து போனவரை வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றாமல் மருத்துவமனையில் சேர்ப்பதே முறை.

பஞ்சத்தில் அதிகம் சாவது ஆண்களா, பெண்களா?
– வாசகர், வேதாரண்யம்

ஆண்கள். பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது காரணங்களில் ஒன்று. குழந்தைகளும் முதியோரும் இருவருக்கும் முந்துகிறார்கள்.

வங்காளப் பஞ்சத்துக்குச் சர்ச்சில்தான் காரணம் என்கிறார் என் பேரன். பர்மா அரிசி நின்றதுதான் காரணம் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

இருவரும் தவறாகச் சொல்லவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தங்கள் தகப்பனார் தலைமுறை சென்னை மாகாணத்திலும் அதைச் சட்டியில் உணர்ந்தது, ரேஷன் வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அதே 1942 அக்டோபரில் மிதுனாபுரிக் கடற்கரையைப் புயல் தாக்கியது. நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோயும் கண்டது. ஜப்பானியர் கைக்குச் சிக்கக் கூடாதென்று, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய நாட்டுப் படகுகளை வங்காளக் கடலோரத்தில் அரசு பறித்துக்கொண்டது. நாகப்பட்டினம், பழையாறு பக்கம் படகை இழந்த மீனவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆணையின் பொருள் விளங்கிவிடும்.

ஆனால் இவ்வளவும் சேர்ந்தும் அரிசி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்து சதவீதமே குறைவு என்றும், பஞ்சம் வராத 1941ஐவிட அதிகம் என்றும் கணக்கிட்டார். அந்தக் கணக்கை மறுப்பவர்கள் உண்டு. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை யாரும் தட்டிவிட முடியவில்லை. போர்ச் செலவு கல்கத்தாவில் பணமாகக் கொட்டியது. 1942 டிசம்பரில் பதின்மூன்று, பதினான்கு ரூபாயாக இருந்த ஒரு மணங்கு (ஏறத்தாழ 37 கிலோ) அரிசி 1943 மே மாதத்தில் முப்பது ரூபாயைத் தாண்டியது. நகரத்து ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் மலிவு விலையில் அரிசி உறுதி செய்யப்பட்டது. கிராமத்துக் கூலியாளுக்கும் மீனவருக்கும் முடிதிருத்துவோருக்கும் வருமானம் ஏறவில்லை. வயிறு காய்கிறபோது யார் முடி வெட்டிக்கொள்வார்கள்? கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து செத்தவர்களில் பெரும்பாலோர் நெல் விளையும் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன நெசவாளியின் கதைதான் இங்கே பல மடங்கு பெருத்து நடந்தது.

சர்ச்சிலின் போர் மந்திரிசபை, தானியக் கப்பல் கேட்டு இந்தியாவிலிருந்து திரும்பத் திரும்ப வந்த வேண்டுகோள்களை மறுத்தது அல்லது கேட்டதில் ஒரு பங்கை மட்டும் தந்தது. இது ஆவணத்தில் உள்ள செய்தி. பேரன் பிடித்துக்கொண்டது இதைத்தான். பஞ்சச் சட்டத்தின் கீழ் பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு முன்வரவில்லை. 1943 ஆகஸ்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் நடைபாதைப் பிணங்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் உலகம் அறிந்தது. 1945இல் விசாரணைக் கமிஷன் இறந்தவர்கள் 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள்.

மக்கள்தொகை மிஞ்சினால் இயற்கையே பஞ்சத்தை அனுப்பிச் சமன் செய்துகொள்கிறது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?
– வாசகர், மயிலாடுதுறை

இல்லை. இந்த வாதத்தைப் பிரபலப்படுத்திய மால்தஸ், 1805 முதல் சாகும்வரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இந்தியாவுக்கு வந்த துரைமார் பலர், பட்டினி கிடப்பவனைக் காப்பாற்றுவது இயற்கைக்கு எதிரான காரியம் என்ற எண்ணத்தைப் பாடமாகவே படித்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை நோய் அழித்தது. பத்து லட்சம் பேர் இறந்தனர், அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர். அதே ஆண்டுகளில் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குத் தானியமும் கால்நடையும் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. உக்ரைனில் 1932–33இல் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது, அரசு விதித்த தானியக் கொள்முதல். சீனாவில் 1959–61இல் உள்ளூர் அதிகாரிகள் மேலிடத்தை மகிழ்விக்க விளைச்சலைப் பெருக்கிக் காட்டினார்கள், அந்தப் பொய்க் கணக்குப்படி தானியம் வசூலிக்கப்பட்டது, கோடிக்கணக்கானோர் மாண்டனர். ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. இந்த மூன்றிலும் இயற்கை சமன் செய்தது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைய உலகின் மக்கள்தொகை மால்தஸ் காலத்தைப்போல் எட்டு மடங்கு. பஞ்சச் சாவோ பத்தொன்பதாம் நூற்றாண்டைவிட மிகக் குறைவு.

பாரம்பரிய நெல் விதைகளைக் காப்பாற்றிப் பயிரிட்டு வருகிறேன். பட்டினியிலும் விதைநெல்லைத் தொடாதவர்கள் என்று நம் முன்னோரைப் பற்றிச் சொல்கிறார்கள். வேறு எங்கேனும் இப்படி நடந்ததுண்டா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

நம் முன்னோர் எல்லோருமே தொடாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆலங்குடிக் கல்வெட்டில் ஊரார் விதைக்கும் சேர்த்தே கடன் வாங்கியதைப் பார்த்தோம். ஆனால் தாங்கள் கேட்பதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி உண்டு.

ஜெர்மானியப் படை 1941 செப்டம்பரில் லெனின்கிராடு நகரைச் சூழ்ந்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. அந்தக் குளிர்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் கலப்படம் மிகுதி. எட்டு லட்சம் பேருக்கு மேல் மாண்ட அந்த நகரத்தின் நடுவே, ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ் உலகெங்கும் அலைந்து திரட்டிய விதை வங்கி இருந்தது. கோதுமை, அவரை, நிலக்கடலை, நெல் என்று டன் கணக்கில் உண்ணத்தக்க தானியம். அங்கே பணியாற்றிய விஞ்ஞானிகள் அவற்றை எலியிடமிருந்தும் திருடரிடமிருந்தும் முறைவைத்துக் காத்தார்கள். அவர்களில் பலர் பட்டினியால் இறந்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த டிமிட்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் உயிர்விட்டார். அந்தச் சேகரிப்பை உருவாக்கிய வாவிலோவ் அப்போது ஸ்டாலினின் சிறையில் இருந்தார்; 1943 ஜனவரியில் அவரும் சிறையிலேயே மெலிந்து மாண்டார்.

தங்கள் ஊர்ப்பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டு விதைத் திருவிழா நடத்தி வந்தவர் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காலத்திலும் உலகில் பஞ்சம் இருக்கிறதா? பஞ்சம் என்று யார், எதை வைத்து அறிவிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பம் உணவே அற்ற நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவராவது பசியாலோ அதை ஒட்டிய நோயாலோ இறக்க வேண்டும். இந்த அளவுகோலின்படி சோமாலியாவில் 2011இலும், தென் சூடானில் 2017இலும், சூடானின் ஜம்ஜம் முகாமில் 2024இலும், காசாவில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. சோமாலியாவில் இறந்தவர் ஏறத்தாழ 2.6 லட்சம், அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கே அறிவிப்பு வெளியாவதற்குள்ளாகவே சாவின் பெரும் பங்கு நிகழ்ந்துவிட்டிருந்தது. மேற்சொன்ன நான்கு இடங்களிலும் போர் நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கொள்வதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2018இல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மேற்கண்டவற்றில் இரண்டு நிகழ்ந்தன.

என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அறுவடை முடிந்த வயலில் எலி வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்து வந்து குத்திக் கஞ்சி காய்ச்சியதாகச் சொல்வார். அந்த வருடம் எங்கும் பஞ்சமில்லை, நல்ல மகசூல் என்றும் அவரே சொல்வார். இதற்குப் பெயர் என்ன?
– வாசகர், கீழ்வேளூர்

வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது தங்களுடையது. பஞ்சம் என்று அரசு ஆவணத்தில் ஏறாத பசி அது.

வயல் எலி முற்றிய கதிரை வெட்டித் தன் வளையின் உள்ளறையில் அடுக்கி வைக்கும். மூங்கில் வில்லில் செய்த கிட்டியை வைத்து எலியைப் பிடிப்பதும், மண்வெட்டியால் வளையைத் தொடர்ந்து சென்று அந்த அறையைக் கண்டுபிடித்துக் கதிரை அள்ளுவதும் கீழத்தஞ்சையில் ஒரு கைத்தேர்ச்சியாகவே இருந்தது. எலியும் உணவு, எலியின் நெல்லும் உணவு. வாய்க்கால் வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியிலும், நடவு முடிந்து அறுவடைக்குக் காத்திருக்கும் கார்த்திகை, மார்கழியிலும் வேலை இருக்காது, கூலி நெல்லும் இருக்காது. நத்தையும் நண்டும், குளத்து அல்லிக் கிழங்கும், கொட்டிக் கிழங்கும்தான் அந்த மாதங்களைத் தள்ளின. பண்ணையார் வீட்டுப் பத்தாயத்தில் அதே மாதங்களில் நெல் இருந்தது. கடன் கேட்டால் கிடைக்கும், அறுவடைக் கூலியில் கழியும், அடுத்த மார்கழியில் மறுபடியும் கடன். மழை பொய்த்து வரும் பஞ்சத்துக்காவது கஞ்சித்தொட்டி திறப்பார்கள். நல்ல மகசூல் ஆண்டில் வரும் இந்தப் பசிக்கு யாரும் எதையும் திறக்கவில்லை.

அது குறையத் தொடங்கியதற்குக் காரணம் விளைச்சல் மட்டுமன்று. 1960களில் தஞ்சாவூர் ஜில்லாவில் தீவிரச் சாகுபடித் திட்டம் வந்தது. ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 என்ற நெல் ரகம் குறுவைச் சாகுபடியைப் பெருக்கியது. ஆனால் பண்ணையாளர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முன்பே 1952இல் வந்துவிட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கூலிக்காக நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவு அது. நெல் பெருகிய அதே பத்தாண்டின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, தங்கள் ஊருக்கு அருகே கீழ்வெண்மணியில், கூலித் தகராற்றின் தொடர்ச்சியாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மகசூல் பெருகினால் பசி தானாகத் தீரும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தத் தேதியைத்தான் சொல்வது.

பிறகு வந்தவை பள்ளி மதிய உணவும் ரேஷன் அரிசியும். மதிய உணவு 1950களில் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982 ஜூலையில் சத்துணவாக விரிந்தது. 2011 ஜூன் முதல் அட்டைக்கு இருபது கிலோ வரை விலையில்லா அரிசி வந்தது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் தங்கள் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்தே மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஆகாது, கோழிக்குப் போடலாம் என்று கேலி பேசுபவர்களைத் தங்கள் தாத்தாவின் காலத்து மார்கழியில் ஒரு வாரம் இருக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இன்று டெல்டாவில் எலி வளை நெல்லை நம்பி யாரும் உலை வைப்பதில்லை. என்றாலும் 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. வயிற்றை நிரப்ப அரிசி போதுமானதாக இருக்கிறது. பருப்பும் முட்டையும் கீரையும் கூலி வாங்கும் வீட்டுத் தட்டுக்கு நாள் தவறாமல் வருகின்றனவா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த இதழில் அதைப் பற்றி எழுத, அங்கன்வாடிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் பணியாற்றும் வாசகியரின் கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.